முதல் ரிக் வாங்கலாமா? ஏ லைசென்ஸ் கைக்கு வரும் முன்பே 150 கேனப்பி சரியா?

புதுச்சிறகு:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது, கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏஎஃப்எஃப் (பயிற்சியாளர் உடன் குதித்துக் கற்றுத்தரும் ஆரம்பப் பயிற்சி) நிலைகளை முடித்துவிட்டேன். இப்போது 25 குதிப்பு என்ற எண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன், அதற்கப்புறம் ஏ லைசென்ஸ், அதாவது முதல் நிலை லைசென்ஸ். ஒவ்வொரு முறையும் வாடகை ரிக்குக்காக (முதுகில் மாட்டும் முழுப் பாராசூட் தொகுதி) காத்திருப்பது அலுப்பாக இருக்கிறது. ஒரு நாள் 230 சதுர அடி கேனப்பி (விரியும் பாராசூட் துணி), மறுநாள் 260 என்று அன்றைக்கு எது காலியாக இருக்கிறதோ அதில்தான் குதிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் டிராப் ஜோனில் (குதிக்கும் திடல்) மூத்த குதிப்பாளர் ஒருவர் தன் ரிக்கை முழுதாக விற்கிறார். கன்டெய்னர் (பாராசூட்டுகளை மடித்து வைக்கும் முதுகுப்பை), 150 சதுர அடி மெயின் (வழக்கமாகத் திறக்கும் பாராசூட்), 143 சதுர அடி ரிசர்வ் (அவசரப் பாராசூட்), ஏஏடி (தாழ்வான உயரத்தில் ரிசர்வைத் தானே திறக்கும் கருவி) எல்லாம் சேர்ந்தது. "கொஞ்ச நாளில் நீயே 150-க்கு வந்துவிடுவாய், எதற்கு இரண்டு முறை செலவு செய்கிறாய்?" என்கிறார். என் எடை 75 கிலோ. வாங்கலாமா? வாங்குவதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மூன்றுவளையம்:
தம்பி, இந்த ரிக் உங்களுக்கு வேண்டாம். ரிக்கராக (பாராசூட்டுகளைச் சரிபார்த்து மடிப்பவர்) இருப்பதால் காரணத்தையும் கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் எடை 75 கிலோ. ரிக், ஹெல்மெட், உடை, ஷூ எல்லாம் சேர்ந்தால் இன்னும் 11 கிலோ அளவுக்குக் கூடும். ஆக விமானத்தை விட்டு வெளியேறும்போது 86 கிலோ, அதாவது ஏறக்குறைய 190 பவுண்டு. இதைக் கேனப்பியின் சதுர அடியால் வகுத்தால் வருவதுதான் விங் லோடிங். 190 சதுர அடி கேனப்பியில் உங்களுக்கு 1.0 வரும். 170-ல் 1.12. அவர் விற்கும் 150-ல் 1.27. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் 1.0-ஐத் தாண்ட வேண்டாம் என்பதுதான் எங்கும் சொல்லப்படும் அறிவுரை. நீங்கள் இன்னும் லைசென்ஸே வாங்கவில்லை.

எல்லோரும் மெயினைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த ரிசர்வைப் பார்த்தால்தான் அதிகக் கவலை. 143 சதுர அடியில் உங்களுக்கு 1.33 வரும். ரிசர்வ் திறக்கும் குதிப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மெயினில் கோளாறு வந்து உயரத்தை இழந்திருப்பீர்கள். உடம்பெல்லாம் பதறும். வழக்கமாக இறங்கும் திடலுக்கு வந்து சேர முடியாமல் எங்கோ ஒரு வயலிலோ மரங்களுக்கு நடுவிலோ இறங்க வேண்டியிருக்கலாம். அதுவரை ஓட்டியதிலேயே மிக வேகமான கேனப்பியை அப்படிப்பட்ட நேரத்தில்தான் முதல் முறையாக ஓட்டிப் பார்க்க வேண்டுமா? ரிசர்வ் உங்கள் மெயின் அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மயங்கிய நிலையில் பிரேக்கைத் தொடாமலே தரையைத் தொட்டாலும் உயிர் பிழைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

"கன்டெய்னரை மட்டும் வாங்கி அதில் 190 போட்டுக்கொள்கிறேன்" என்றும் நினைக்காதீர்கள். 150-க்காகத் தைத்த கன்டெய்னரில் 190-ஐத் திணித்தால் மூடுவதே போராட்டமாகிவிடும். மெயினை மடித்து வைத்த உள்பை வெளியே வருவதிலும் சிக்கல் வரலாம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு மூன்று அளவுகள்தான்.

பருந்து:
இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? நானும் ஆரம்பத்திலேயே சின்ன கேனப்பிக்குப் போனவன்தான், நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறேன். புதுச்சிறகு சொல்லும் பிரச்சினையை யாரும் கவனிக்கவில்லை. தினம் ஒரு வாடகை ரிக் என்றால் எதுவும் கைக்குப் பழகாது. ஒன்றில் கைப்பிடி இங்கே, இன்னொன்றில் கொஞ்சம் தள்ளி. ஒன்று சீக்கிரம் ஃபிளேர் (தரையைத் தொடும் முன் பிரேக்கை இழுத்து வேகத்தைக் குறைப்பது) ஆகும், இன்னொன்று தாமதமாக. சொந்த ரிக் இருந்தால் ஒரே கேனப்பியை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். அதுவும் பாதுகாப்புதானே?

நீலவானம்:
பருந்து சொல்வதில் ஒரு பகுதியை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஒரே கேனப்பியில் தொடர்ந்து குதிப்பது பெரிய விஷயம். ஒரே ரிக், ஒரே கைப்பிடிகள், ஒரே ஃபிளேர் என்று வரும்போதுதான் கற்றல் வேகமாகும். ஆனால் அந்த ஒரே கேனப்பி 150 ஆக இருக்கக் கூடாது.

நான் கேனப்பி வகுப்புகள் எடுப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குதிப்பவர்கள் பாராசூட் திறக்காமல்தான் சாகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நன்றாகத் திறந்து, எந்தக் குறையும் இல்லாமல் பறந்துகொண்டிருக்கும் கேனப்பியோடு தரையில் மோதிச் செத்தவர்கள் கணிசமானவர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் தாழ்வான உயரத்தில் போட்ட ஒரு திருப்பம். அதை எல்லோரும் சாகசத்துக்காகப் போடுவதில்லை. இறங்கும் வழியில் திடீரென்று ஒரு வேலி தெரிகிறது, அல்லது குறுக்கே இன்னொருவர் வருகிறார், அல்லது காற்றின் திசை தவறு என்று கடைசி நேரத்தில் உறைக்கிறது. கை தானாக ஒரு டாகிளை (கேனப்பியைத் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் இழுக்கும் கைப்பிடி) முழுவதும் இழுத்துவிடுகிறது. கேனப்பி சாய்ந்து தரையை நோக்கிப் பாய்கிறது. 230-ல் இதைச் செய்தால் அநேகமாகக் கணுக்கால் போகும். 1.27-ல் ஏற்றிய 150-ல் இடுப்பெலும்போ முதுகெலும்போ உயிரோ போகும். "நன்றாகத்தான் இறங்குகிறேன்" என்பது எதுவும் தவறாகப் போகாத நாட்களின் கணக்கு. கேனப்பியை எல்லாம் தவறாகப் போகும் நாளுக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, விங் லோடிங் எண் மட்டுமே முழுக்கதை இல்லை. கேனப்பி சின்னதாகும்போது லைன்களும் (கேனப்பியிலிருந்து நம்மைத் தாங்கும் கயிறுகள்) குட்டையாகும். கயிறு குட்டையான ஊஞ்சல் எப்படிச் சட்டென்று போய்த் திரும்புகிறதோ, அப்படிக் குட்டை லைனில் தொங்குபவரும் சட்டென்று வீசப்படுவார். அதனால் 190-ல் 1.0 என்பதும் 135-ல் 1.0 என்பதும் ஒன்றில்லை. பின்னதில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். திடல் கடல் மட்டத்திலிருந்து உயரமாக இருந்தாலோ வெயில் கடுமையாக இருந்தாலோ காற்றின் அடர்த்தி குறையும், அதே கேனப்பி இன்னும் வேகமாக இறங்கும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எத்தனை குதிப்புக்கு எவ்வளவு லோடிங் என்பதற்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. முதல் நூறு குதிப்பு வரை 1.0, அப்புறம் ஒவ்வொரு நூறுக்கும் 0.1 கூட்டலாம். அது உச்ச வரம்புதான். அந்த எண்ணை எட்டியே ஆக வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அளவைக் குறைக்கும் முன் இப்போதைய கேனப்பியில் இவற்றையெல்லாம் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்: பிரேக்கைப் பாதி பிடித்தபடியே சாயாமல் தட்டையாகத் திருப்புவது, ஃபிளேர் போட்டுக்கொண்டே சில டிகிரி விலகுவது, பின்பக்க ரைசர்களை (தோளிலிருந்து லைன்களுக்குப் போகும் பட்டைகள்) மட்டும் வைத்துத் திருப்பி ஃபிளேர் செய்வது, காற்றே இல்லாத நாளிலும் குறுக்குக் காற்றிலும் நின்றபடி இறங்குவது, குறித்த இடத்துக்குப் பக்கத்தில் தொடர்ந்து இறங்குவது. இதில் ஒன்று இடறினாலும் அளவு குறைக்க நேரம் வரவில்லை. இவற்றைப் பழகும்போது உயரத்தில், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பழகுங்கள்.

தூக்கணாங்குருவி:
நீலவானம் சொன்ன லைன் நீள விஷயத்தை எடை குறைந்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நான் 52 கிலோ. ரிக்கோடு சேர்த்து 62 கிலோ, 137 பவுண்டு வரும். சூத்திரத்தை மட்டும் பார்த்தால் எனக்கு 135 சதுர அடியே "1.0 தான், பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் பலரும் சொன்னார்கள். என் பயிற்சியாளர் அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை, 170-ல் நிறைய நாள் வைத்திருந்து அப்புறம்தான் 150-க்கு அனுப்பினார். 150-லும் என் லோடிங் 0.91 தான். காற்று கொஞ்சம் வீசினால் முன்னேறாமல் நிற்கும் என்பது உண்மை. அதற்கு வழி, அந்த மாதிரி நாளில் விமானம் ஏறாமல் உட்கார்ந்திருப்பதுதான்.

புதுச்சிறகு:
அனைவருக்கும் நன்றி. 150 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது இரண்டு கேள்விகள். பழைய ரிக்கே வாங்குவதென்றால் அதில் எதைப் பார்க்க வேண்டும்? இன்னொன்று, ஏ லைசென்ஸுக்கு 25 குதிப்பு போதுமா? வேறொரு நாட்டில் பயின்ற நண்பர் 18-லேயே வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். அவருடைய லைசென்ஸை மற்ற நாடுகளில் ஏற்பார்களா?

நீலவானம்:
லைசென்ஸ் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ரிக் கேள்வியை மூன்றுவளையம் அண்ணாவுக்கு விடுகிறேன்.

ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் தனி விதி. அமெரிக்காவின் யுஎஸ்பிஏ-வில் ஏ-வுக்குக் குறைந்தது 25, பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500 குதிப்புகள். பிரிட்டனில் ஏஎஃப்எஃப்-ன் எட்டு நிலைகளும் அதற்கப்புறம் பத்துத் தனிக் குதிப்புகளும் முடிந்தால் ஏ வாங்கலாம், உங்கள் நண்பர் சொல்லும் 18 அதுதான். உலக அமைப்பான எஃப்ஏஐ-யோடு இணைந்த சங்கங்கள் தரும் லைசென்ஸைப் பெரும்பாலான நாடுகளில் மதிக்கிறார்கள். ஆனால் எந்த டிராப் ஜோனுக்குப் போனாலும் லாக் புக், நடப்பு உறுப்பினர் அட்டை, ரிசர்வ் மடித்த தேதி மூன்றையும் கேட்பார்கள். போகும் முன் அங்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதாது. யுஎஸ்பிஏ-வின் ஏ லைசென்ஸ் அட்டையில் நீண்ட பட்டியல் இருக்கிறது. குறைந்தது ஐந்து குதிப்பாவது இன்னொருவரோடு சேர்ந்து குழுவாகக் குதித்திருக்க வேண்டும். குறித்த புள்ளியிலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து முறை தானாக இறங்கியிருக்க வேண்டும். மெயினை மடித்து மூடத் தெரிய வேண்டும், விமானத்திலிருந்து எங்கே குதிக்க வேண்டும் என்று கீழே பார்த்துக் கணிக்கத் தெரிய வேண்டும். தேர்வும் உண்டு, பயிற்சியாளரோடு ஒரு சோதனைக் குதிப்பும் உண்டு.

பி-க்கு 50 குதிப்போடு மொத்தம் 30 நிமிட ஃப்ரீஃபால் (கேனப்பி திறக்கும் வரை விழும் நேரம்), 10 மீட்டருக்குள் பத்து முறை இறங்கியது, நீரில் இறங்கும் பயிற்சி, எழுத்துத் தேர்வு எல்லாம் வேண்டும். அதோடு 2012 முதல் கேனப்பி வகுப்பும் கட்டாயம். அந்த வகுப்புக்கு 50 வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏ கையில் வந்த உடனே போய்விடுங்கள். வாடகை ரிக்கை வைத்தே போகலாம். சொந்த ரிக்குக்குச் செலவு செய்யும் முன் இதற்குச் செலவு செய்யுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

லைசென்ஸோடு உயரங்களும் மாறும், இவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். யுஎஸ்பிஏ விதிப்படி மாணவரும் ஏ லைசென்ஸ்காரரும் 3,000 அடிக்குக் கீழே போகும் முன் மெயினைத் திறந்திருக்க வேண்டும். பி-க்கு அது 2,500. கோளாறான கேனப்பியை வெட்டிவிடுவதா (கைப்பிடியை இழுத்து மெயினைக் கழற்றிவிடுவது) இல்லையா என்று முடிவெடுக்க வேண்டிய உயரம் மாணவருக்கும் ஏ-வுக்கும் 2,500 அடி, அதற்கு மேல் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு 1,800. மாணவர் 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் வெட்டவே கூடாது, இருப்பதோடு ரிசர்வையும் சேர்த்துத் திறக்க வேண்டும். வயிற்றை முன்வைத்து விழும்போது வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டும். ஆயிரம் அடி கடக்க ஐந்தரை விநாடிதான். 3,000 அடியிலிருந்து தரை வரை 17 விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. ஃப்ரீஃபாலில் ஏதாவது செய்துகொண்டே உயரத்தை மறப்பவர்களிடம் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

பருந்து:
காற்று வரம்பையும் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் அதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

நீலவானம்:
யுஎஸ்பிஏ-வில் மாணவருக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைல் வரைதான், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். ஏ லைசென்ஸ் வந்ததும் அந்த வரம்பு சட்டப்படி போய்விடும். அன்றிலிருந்து நீங்களே முடிவெடுக்க வேண்டும், அதனால் மாணவர் வரம்பையே இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளுங்கள். திடீர் திடீரென்று வீசும் காற்று, சீராக வீசும் காற்றைவிட மோசம்.

மூன்றுவளையம்:
ரிக் கேள்விக்கு வருகிறேன்.

முதல் விதி, பணம் கைமாறும் முன் உங்களுக்குத் தெரிந்த ரிக்கர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விற்பவருடைய ரிக்கர் போதாது. ரிசர்வைத் திறந்து துணி, லைன், தையல் எல்லாம் பார்த்து, தயாரிப்பாளரின் அறிவிப்புகள் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் "வாங்கலாம்" என்று சொல்வோம். நாங்கள் சரியில்லை என்று சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள், பேரம் பேசி வாங்காதீர்கள்.

மெயினில் துணியைவிட லைன்தான் பலரை ஏமாற்றும். ஸ்பெக்ட்ரா லைன் பழசாகப் பழசாகச் சுருங்கும். திறக்கும்போது ஸ்லைடர் (திறப்பை மெதுவாக்க லைன்களில் வழுக்கி இறங்கும் துணி) உரசிக்கொண்டு இறங்குகிறது, அந்தச் சூட்டில் சுருக்கம் வருகிறது. ஸ்லைடர் அதிகம் உரசுவது வெளிப்பக்கத்து லைன்களில், பிரேக் லைன்களும் அதில் சேர்த்தி. பிரேக் லைன் குட்டையானால் கையை முழுதாக மேலே விட்டாலும் கேனப்பியின் வால் கொஞ்சம் கீழே இழுபட்டே இருக்கும். திறப்பு முரட்டுத்தனமாகும், ஃபிளேரும் முன்போல் இருக்காது. வாங்கியவர் "எனக்கு இறங்கத் தெரியவில்லை" என்று தன்னையே நொந்துகொண்டிருப்பார், குற்றம் லைனில் இருக்கும். வெக்ட்ரான் சுருங்காது, ஆனால் தேயும். டேக்ரான் தடிமன், திறப்பு மென்மை, ஆனால் மடித்தால் இடம் அடைக்கும். எத்தனை குதிப்புக்கு முன் லைன் மாற்றினார்கள் என்று கேளுங்கள், பதில் தெளிவாக இல்லையென்றால் புது லைன் செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

துணியில் இரண்டு வகை. பழைய எஃப்-111 வகைத் துணி காற்றைக் கொஞ்சம் விடும், சில நூறு குதிப்பில் களைத்துப் போய் ஃபிளேர் குறையும். ஜீரோ பொராசிட்டி, அதாவது காற்றை விடாத துணி நீண்ட நாள் உழைக்கும், ஆனால் வழுக்கும். மடிக்கப் பழகும் ஆரம்ப நாட்களில் கை எரிச்சல் வரும், அதற்காக விட்டுவிடாதீர்கள். முதல் மெயினாக ஒன்பது காற்று அறைகள் கொண்ட, அதிகம் நீள்வட்டம் இல்லாத வகையைத் தேடுங்கள். செய்பர், பைலட், சஃபயர் போன்றவை இந்த வகையில் பலர் கையில் இருப்பவை. ஏழு அறைகள் கொண்ட ஸ்பெக்டரும் நல்ல அமைதியான திறப்பு தரும்.

ஹார்னஸ் (ரிக்கை உடம்போடு பிணைக்கும் பட்டைகள்) உங்கள் உடம்புக்குத் தைத்தது போல் உட்கார வேண்டும். தோள் பட்டை நீளம், தொடைப் பட்டை, இடுப்பு மூன்றையும் போட்டு ரிக்கரிடம் காட்டுங்கள். தளர்வான ஹார்னஸில் கேனப்பி திறக்கும்போது கைப்பிடிகள் இடம் மாறிப்போகும். வெட்டும் கைப்பிடியைத் தேட வேண்டிய நேரத்தில் அது மார்பில் வேறெங்கோ இருக்கும்.

அப்புறம் சின்ன விஷயம்: மூடும் லூப். அது தேய்ந்து பிசிறடித்தாலோ நீளம் அதிகமாகித் தளர்ந்தாலோ கன்டெய்னர் தானே திறந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. கயிறு துண்டுதான், தேய ஆரம்பித்ததுமே மாற்றுங்கள்.

தூக்கணாங்குருவி:
ஏஏடி பற்றிச் சொல்லுங்கள் அண்ணா. சைப்ரஸா விஜிலா என்று எங்கள் இடத்தில் எப்போதும் சண்டைதான்.

மூன்றுவளையம்:
அந்தச் சண்டையில் நான் இறங்க மாட்டேன். இரண்டும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. எந்தக் கம்பெனி என்பதைவிட, அந்த ஏஏடி எந்தத் தேதி வரை உழைக்கும் என்பதுதான் முக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் தேதி இருக்கிறது. ஆயுள் முடியப்போவதை "ரிக்கில் ஏஏடி இருக்கிறது" என்று சேர்த்து விற்பார்கள். தயாரிப்புத் தேதியைக் கேட்டு, மிச்ச ஆண்டுகளுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

ஏஏடி என்ன செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சைப்ரஸின் எக்ஸ்பர்ட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 750 அடியில், மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் கன்டெய்னரின் லூப்பை வெட்டிவிடும். அவ்வளவுதான். பாதி திறந்து சுழன்றுகொண்டு அதைவிடக் குறைந்த வேகத்தில் இறங்கினால் அது எதுவும் செய்யாது. மாணவர் வகை இதைவிடக் குறைந்த வேகத்திலேயே வேலை செய்யும். அதனால் மாணவர் ஏஏடி போட்டுக்கொண்டு தாழ்வாகச் சுருள் திருப்பம் போடக் கூடாது. விமானம் ஏதோ காரணத்தால் மேலே போகாமல் திரும்பி இறங்கினால், மாணவர் ஏஏடி ஏறியிருக்கிறது, மெதுவாக இறங்குங்கள் என்று விமானிக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கம், ஏஏடியைக் குதிக்கப்போகும் திடலில்தான் ஆன் செய்ய வேண்டும். தரை உயரத்தை அது அங்கேதான் தெரிந்துகொள்கிறது. வீட்டில் ஆன் செய்துகொண்டு வந்தால் அந்தக் கணக்குத் தவறாகிவிடும். திடலுக்கு வெளியே எங்கோ இறங்கி வண்டியில் திரும்பி வந்தாலும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்துவிடுங்கள்.

ஆர்எஸ்எல் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். மெயினை வெட்டிவிட்டதும் அது பிரிந்து போகும் வேகத்திலேயே ரிசர்வின் பின்னை இழுக்கும் பட்டை அது. வெட்டிவிட்டு ரிசர்வ் கைப்பிடியைத் தேடிக்கொண்டே தரையில் மோதியவர்களின் கதைகள் இந்த விளையாட்டில் நிறைய. புதியவர் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். மெயினைக் கழற்றிவிடும் மூன்று வளைய விடுவிப்பை உருவாக்கிய பில் பூத்தின் ஸ்கைஹூக் போன்ற மார்டு வகைகள் இன்னும் ஒரு படி மேலே. வெட்டப்பட்ட மெயினே ரிசர்வை வெளியே இழுத்துவிடும், அதனால் ரிசர்வ் மிகக் குறைந்த உயர இழப்பில் திறக்கும். ஆனால் இவை எதுவும் வரும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு கைப்பிடியையும் உங்கள் கையால் இழுப்பதாகவே எப்போதும் பழகுங்கள்.

புதுச்சிறகு:
பயிற்சி ரிக்கிலிருந்து சொந்த ரிக்குக்கு மாறும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மூன்றுவளையம்:
கைப்பிடிகளில். பயிற்சி ரிக்கில் ரிசர்வுக்கு உலோக வளையம் இருந்திருக்கும். புதிதில் மெத்தென்ற தலையணை மாதிரிக் கைப்பிடி இருக்கலாம். பார்க்காமல் தடவினால் வெட்டும் கைப்பிடியும் அதுவும் ஒரே மாதிரி இருக்கும். முதல் ரிக்கில் உலோக வளையமே போடுங்கள் என்பது என் கருத்து. தொங்கும் ஹார்னஸில் உட்கார்ந்து, பார்த்து, பிடித்து, பிய்த்து, இழுப்பதைக் கை தானாகச் செய்யும் வரை பழகுங்கள். அப்புறம்தான் விமானம்.

சுருட்டும் வகைப் பைலட் சூட் (மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) இருந்தால் மடிக்கும்போது அதை இழுத்து விறைப்பாக்கி வைக்க மறக்கக் கூடாது. மறந்தால் அது காற்றில் விரியாமல் இழுபட்டுக்கொண்டே வரும், மெயின் கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் பிரைடிலில் (அதை மெயினோடு இணைக்கும் பட்டை) உள்ள சின்ன ஜன்னலில் நிறத்தைப் பாருங்கள்.

பரிசோதனை மூன்று முறை: ரிக்கைப் போடும் முன், விமானம் ஏறும் முன், கதவு திறக்கும் முன். மூன்று வளையங்கள், மூன்று பட்டைகள், மூன்று கைப்பிடிகள் சரியாக இருக்கின்றனவா? ஏஏடி ஆன் ஆகியிருக்கிறதா? மார்புப் பட்டை கொக்கிக்குள் சரியாக நுழைந்து திரும்பியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பார்வையை மட்டும் நம்பாதீர்கள், தவறாகக் கோத்த பட்டையும் பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும்.

பருந்து:
என் பங்குக்கு ஒன்று. கன்டெய்னருக்கு அவசரம் இல்லை, ஆனால் ஹெல்மெட், ஆல்டிமீட்டர் (உயரமானி), உடை மூன்றையும் இப்போதே வாங்கிவிடலாம். அளவு மாறாது, வாடகையும் மிச்சம், எப்போதும் ஒரே பொருள் என்பதால் பழக்கமும் வரும். ஆல்டிமீட்டரில் முள் வைத்ததையே வாங்குங்கள். எண்ணைப் படிக்க ஒரு நொடி வேண்டும், முள் எங்கே நிற்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும். காதில் ஒலிக்கும் வகை நல்ல துணைதான், அதையே நம்பிக் கையைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒரு கொக்கிக் கத்தியும் ஹார்னஸில் இருக்கட்டும்.

புதுச்சிறகு:
சரி, ஹெல்மெட்டில் கேமரா வைக்கலாமா? வீட்டில் காட்ட ஆசையாக இருக்கிறது.

நீலவானம்:
இப்போது வேண்டாம். யுஎஸ்பிஏ 200 குதிப்பு வரை கேமரா வேண்டாம் என்கிறது, அதே 200 தான் விங்சூட்டுக்கும் (இறக்கை வைத்த உடை) குறைந்தபட்சம். கேமராவில் லைன் சிக்கலாம் என்பது ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கவனம். கேமரா இருந்தால் உயரத்தைப் பார்க்க வேண்டிய மனம் சட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். வீட்டில் காட்ட ஆசை இருந்தால் அனுபவமுள்ள கேமராக்காரர் ஒருவரை உடன் குதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் இருக்கும் படமே கிடைக்கும்.

பருந்து:
இதில் மட்டும் நானும் அவர் பக்கம்.

தூக்கணாங்குருவி:
காற்றுச் சுரங்கம் (கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் இடம்) பற்றி யாரும் பேசவில்லையே? நிலையாக விழுவதற்கு எனக்கு அது மிகவும் உதவியது.

நீலவானம்:
உடல் நிலைக்கு நல்லது, தயங்காமல் போகலாம். ஆனால் அங்கே உயரம் குறைவதில்லை, கேனப்பியும் இல்லை. அதனால் லைசென்ஸுக்கான குதிப்புகளை அது மாற்றாது. செலவுக்கு வரம்பு இருந்தால் ஏ வாங்கும் வரை குதிப்புகளுக்கே கொடுங்கள். ஃப்ரீஃபாலில் தடுமாறி ஒரே நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் சுரங்கம் முதலில்.

புதுச்சிறகு:
இப்போது என் திட்டம் இது. 25 முடியும் வரை வாடகை ரிக். ஏ வந்ததும் கேனப்பி வகுப்பு. அதற்கப்புறம் 210-ல் வாடகைக்குத் தொடர்ந்து குதித்து, 190 போடும் கன்டெய்னரைத் தேடுவது, ரிசர்வும் அதே அளவில். தவறு ஏதாவது?

மூன்றுவளையம்:
தவறில்லை. 190-ம் 170-ம் கொள்ளும் கன்டெய்னராகத் தேடினால் அடுத்த அளவுக்குப் போகும்போது கன்டெய்னர் மாற்ற வேண்டியிருக்காது. ரிசர்வை 180-க்குக் கீழே இறக்காதீர்கள். ரிசர்வை மீண்டும் மடிக்கும் தேதி அமெரிக்காவில் 180 நாள், சில நாடுகளில் ஒரு வருடம். தேதி தாண்டிவிட்டால் எங்கும் விமானம் ஏற விட மாட்டார்கள், அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சிறகு:
கடைசியாக ஒன்று. வேலை காரணமாக நடுவில் இரண்டு மூன்று மாதம் குதிக்க முடியாமல் போகலாம். அப்போது?

நீலவானம்:
மாணவராக இருக்கும்போது 30 நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் பயிற்சியாளரோடு சேர்ந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ஏ லைசென்ஸ்காரருக்கு யுஎஸ்பிஏ 60 நாள் என்று வைத்திருக்கிறது. இரண்டு மாதம் தாண்டிவிட்டால் ஹார்னஸில் தொங்கி அவசர நடைமுறைகளை மீண்டும் செய்துவிட்டு, பயிற்சியாளரோடு ஒரு குதிப்பு போடுங்கள். அந்தக் குதிப்பில் குழு வேண்டாம், புதிதாக எதையும் முயல வேண்டாம். கேனப்பியையும் கடைசியாகக் குதித்ததைவிட ஒரு அளவு பெரிதாக வாடகைக்கு எடுங்கள். கொஞ்சம் சீக்கிரமே, 5,000 அடியிலேயே திறந்துகொண்டு, திருப்பங்களையும் ஃபிளேரையும் மேலேயே இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள். சீக்கிரம் திறக்கப்போவதை விமானம் ஏறும் முன்பே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப வெளியேறும் வரிசையை மாற்றுவார்கள்.